திட்டப் பயந்த தகப்பன்கள்

அன்புள்ள ஐயா,

முன்பு முஸ்லிம்கள் ஆண்டு, பிறகு நார்மன் கிறிஸ்தவ அரசர்கள் கைக்கு வந்த சிசிலித் தீவைப் பற்றிப் படித்தேன். கிறிஸ்தவ அரசருக்கு அரபு எழுதப் படிக்கத் தெரிந்திருக்கிறது. பூகம்பத்தில் அரண்மனை ஆடியபோது இரண்டாம் வில்லியம் தன் பணியாட்களிடம், அவரவர் கடவுளை அவரவர் கூப்பிடலாம் என்றாராம். கண் கலங்கிவிட்டது. மதநல்லிணக்கத்துக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் உண்டா? எதிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

அந்தலூசிய முஸ்லிம் பயணி இப்னு ஜுபைரின் பயணக் குறிப்பிலிருந்து தொடங்குங்கள். ஹஜ் முடித்து ஊர் திரும்பும் வழியில், 1184 கடைசியில், மெசினா அருகே கப்பல் உடைந்து சிசிலியில் கரையேறியவர். நீங்கள் சொன்ன பூகம்பக் கதையே அவர் எழுதியதுதான். இரண்டு வாரமாக நானும் அந்தப் பக்கங்களை விட்டு நகர முடியாமல் இருக்கிறேன். அதனால்தான் உங்களுக்கு உடனே பதில்.

கண் கலங்கியது நல்லது. ஆனால் அந்தப் பணியாட்கள் யார் என்று ஏன் கேட்கவில்லை? வெளியே கிறிஸ்தவர்கள், உள்ளே முஸ்லிம்கள். தொழுகையை ஒளித்து வாழ்ந்தவர்கள். வில்லியமின் தாத்தா இரண்டாம் ரோஜர், தன் சொந்தக் கடற்படைத் தளபதி மஹ்தியாவின் ஃபிலிப்பை, ரகசியமாக முஸ்லிமாக இருந்தார் என்று 1153இல் எரித்தே கொன்றார். அதை அந்த அரண்மனை மறந்திருக்குமா?

ரோஜரின் அரபு எழுத்துப் போர்வை, அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி அவருக்காக வரைந்த உலகப்படம், பலெர்மோ அரண்மனைத் தேவாலயத்தின் கூரை எல்லாம் அபாரம். அதில் எனக்கு மறுப்பில்லை. முன்பு முஸ்லிம் ஆட்சியில் கிறிஸ்தவர்கள் கட்டிய ஜிஸ்யா என்ற தலைவரியை நார்மன் ஆட்சியில் முஸ்லிம்கள் கட்டினார்கள். பெயர்கூட மாறவில்லை. அதையும் விடுங்கள்.

என்னை உலுக்கியது வேறு. ஒரு முஸ்லிம் தகப்பன் மகனைக் கோபித்துக்கொண்டால், ஒரு தாய் மகளைக் கோபித்துக்கொண்டால், அந்தப் பிள்ளை ரோஷத்தில் தேவாலயத்துக்குள் ஓடி ஞானஸ்நானம் பெற்றுவிடலாம். அதன் பிறகு பெற்றவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் வாழ்நாளெல்லாம் பிள்ளைகளைத் தாஜா செய்தே வாழ்ந்தார்கள் என்கிறார் இப்னு ஜுபைர். கே., இதை இரண்டு முறை படியுங்கள். எந்தச் சிப்பாயும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. பெற்ற பிள்ளையை அதட்டத்தான் பயம்.

என் மகன் பதினாறு வயதில், நான் சொன்ன ஒரு சொல் பொறுக்காமல் வீட்டைவிட்டுப் போனான். அந்த இரண்டு இரவும் நானும் அவன் அம்மாவும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் வந்தான். சோறு போட்டோம். பிறகு நன்றாகத் திட்டினேன். அப்படித் திட்ட முடிந்தது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று இந்த வயதில், இந்தப் பக்கத்தைப் படித்தபோதுதான் உறைத்தது. ஒரு சமூகம் சேர்ந்து வாழ்ந்ததா என்று யாராவது கேட்டால், அங்கே சிறுபான்மை வீட்டுத் தகப்பன் மகனைப் பயமில்லாமல் திட்டினானா என்றுதான் இனி கேட்பேன். அரசருக்கு எத்தனை மொழி தெரியும் என்பதை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள்.

1189இல் வில்லியம் இறந்ததும் பலெர்மோவில் முஸ்லிம்களை வெட்டினார்கள். தப்பியவர்கள் மலைக்கு ஓடினார்கள். பிறகு சிசிலியை ஆண்ட இரண்டாம் ஃபிரெடரிக் அவர்களைப் பெயர்த்து இத்தாலியப் பெருநிலத்தில் லுசேராவில் குடிவைத்தார். 1300இல் அந்த ஊரும் அழிந்தது. மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

இது வரும் என்று ஒரு தகப்பனுக்குத் தெரிந்திருந்தது. ட்ராபனி துறைமுகத்தில் இப்னு ஜுபைரின் கூட்டம் கப்பலுக்குக் காத்திருந்தபோது, ஊரில் மதிப்பான ஒருவர் ஒரு ஹாஜியிடம் தன் மகனை அனுப்பினார். என் பெண்ணை அழைத்துப் போங்கள், நீங்களே மணந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் உங்கள் ஊரில் ஒருவருக்குக் கட்டிக்கொடுங்கள், இந்தத் தீவை விட்டு அவள் போனால் போதும் என்று. அந்தத் தகப்பன் தன் பெண்ணிடமும் கேட்டிருக்கிறார். என்னைத் தடுத்தால் என் பொறுப்பு உங்கள் தலையில் என்றாளாம். தாயில்லாப் பெண். இரண்டு அண்ணன் தம்பிகளும் ஒரு குட்டித் தங்கையும் இருந்தார்கள்.