பேரை மறைச்சா போதுமா?

கேள்வி: பேர், நம்பர் எதுவும் குடுக்காமத்தான் ஒரு ஆப் யூஸ் பண்றேன், அப்பவும் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும்ங்க. தினமும் அதே ஐடியோட போனா நீங்க செஞ்சது எல்லாம் ஒண்ணா கோர்த்துடும், அதுல ஒரே ஒரு எடத்துல உங்க நம்பர் மாட்டுனா போதும், பழசு மொத்தமும் உங்க பேர்ல வந்து நிக்கும். ரெண்டு தடவை வந்தது ஒரே ஆளான்னே தெரியக்கூடாது, பேரை மறைக்கிறதை விட இதுதான் முக்கியம்னு நான் நெனைக்கிறேன். 1982லயே டேவிட் சௌம்ங்கற ரகசியக் குறியீட்டு ஆராய்ச்சியாளர் இதுக்கு பிளைண்ட் சிக்னேச்சர்னு வழி சொன்னாரு: கார்பன் வச்ச கவருக்குள்ள சீட்டைப் போட்டு ஒட்டிக் குடுக்கறீங்க, பேங்க் கவர் மேல போடுற கையெழுத்து உள்ள சீட்டுல பதியுது, பின்னாடி அந்தச் சீட்டு திரும்பி வந்தா கையெழுத்து தன்னோடதுன்னு பேங்க்குக்குத் தெரியும், யாருக்குப் போட்டோம்னு தெரியாது. பாஸ்வேர்டுக்குப் பதிலா வர்ற பாஸ்கீயும் சைட்டுக்கு சைட் தனிச் சாவிதான், ஆனா எல்லாத்துலயும் ஒரே மெயில் ஐடி குடுத்தா அத வச்சே கோர்த்துடுவாங்க, தயவுசெஞ்சு மெயிலை மாத்திக் குடுங்க.