ஆறு மாத ஜெர்மனி படிப்புக்கு அம்மாவின் நகை முழுவதையும் அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் கோவையில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவி. வயது 20. வரும் அக்டோபரிலிருந்து ஒரு செமஸ்டர், பரிமாற்ற மாணவியாக ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அங்கே டியூஷன் ஃபீஸ் கிடையாது. ஆனால் விசாவுக்கு பிளாக்டு அக்கவுன்ட்டில் கிட்டத்தட்ட 6 லட்சம் போட்டுக் காட்ட வேண்டும் என்கிறார்கள். அப்பாவிடம் கையில் 2.5 லட்சம் இருக்கிறது. 5 லட்ச ரூபாய் எஃப்டி ஒன்று, மூன்று வருடத்துக்கு 7% வட்டியில் போட்டது, ஜனவரியில் முதிர்வடைகிறது. அதை உடைக்க வேண்டாம், என் நகை எல்லாவற்றையும் அடகு வைக்கலாம் என்கிறார் அம்மா. அங்கே பார்ட் டைம் வேலை பார்த்து மூன்று நான்கு மாதத்தில் நான் மீட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரியாக வருமா? மாதம் எவ்வளவு செலவாகும்?

பதில்: முதலில் வாழ்த்துகள். இடம் கிடைத்திருக்கிறது, பணத்தால் அது கைவிட்டுப் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பார்ட் டைம் வேலையை நம்பி நகையை வைப்பது மட்டும் வேண்டாம், அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த 6 லட்சம் ஜெர்மனிக்குக் கட்டும் கட்டணம் இல்லை. அது உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஆன உங்கள் பணம், மொத்தமாகப் பூட்டி வைத்து மாதம் 992 யூரோ என்று உங்களுக்கே திருப்பித் தருவார்கள், அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. கணக்குக்கு எளிதாக ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், 5.95 லட்சம் ஆகிறது. (992 என்ற தொகையை அவ்வப்போது மாற்றுவார்கள், விண்ணப்பிக்கும் நாளில் தூதரக இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உதவித்தொகை ஏதாவது கிடைத்தால் அந்தக் கடிதத்தைக் காட்டி இந்தத் தொகையைக் குறைக்க முடியும், அதனால் கல்லூரியின் சர்வதேச அலுவலகத்தில் இரண்டு முறை கேளுங்கள்.) இதோடு போக வர விமான டிக்கெட் ஒரு 70,000, விசா கட்டணம் 75 யூரோ, குளிருக்கு ஜாக்கெட், ஷூ, அப்புறம் முதல் மாதத்துக்கென்று தனியாக 1,500 யூரோ. எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 8.5 லட்சம்.

இப்போது எஃப்டியை உடைக்காதீர்கள், அதன் மேல் கடன் வாங்குங்கள். பல வங்கிகளில் வைப்புத் தொகையில் 90% வரை தருவார்கள், வட்டி எஃப்டி வட்டியைவிட 1% அளவில்தான் கூட இருக்கும். ஜூலையில் 4.5 லட்சம் எடுத்தால் ஜனவரி வரை 8% வட்டியில் 18,000 ரூபாய் ஆகும். அதையே உடைத்தால், இதுவரை ஓடிய இரண்டரை வருடத்துக்கு 1% அபராதம் என்று 12,500, மீதி ஆறு மாத வட்டி 17,500, ஆக 30,000 போய்விடும். அப்பாவிடம் உள்ள 2.5 லட்சத்தையும் சேர்த்தால் 7 லட்சம். மிச்சம் 1.5 லட்சத்துக்கு மட்டும் நகை. இன்றைய விலையில் அதற்கு மூன்று பவுன் போதும். அம்மா பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். ஜனவரியில் எஃப்டி வட்டியோடு சேர்ந்து 6.15 லட்சமாகக் கைக்கு வரும், அதில் எஃப்டி கடனை அடைத்தது போக ஏறத்தாழ 1.47 லட்சம் நிற்கும், 9% வட்டி என்றால் நகைக் கடன் அப்போது 1.57 லட்சம் இருக்கும். பத்தாயிரம் சொச்சம் கையிலிருந்து போட்டால், நீங்கள் ஊர் திரும்பும் முன்பே நகை வீட்டுக்கு வந்துவிடும். உங்கள் சம்பாத்தியம் இதில் ஒரு ரூபாய்கூடத் தேவைப்படவில்லை.

பணம் அனுப்பும்போது வங்கி சொல்லும் சர்வீஸ் சார்ஜை மட்டும் பார்க்காதீர்கள். 500 ரூபாய்தான் கட்டணம் என்பார்கள், ஆனால் யூரோவுக்கு 2 ரூபாய் கூடுதலாக வைத்து விற்பார்கள், 5,952 யூரோவுக்கு அதுவே கிட்டத்தட்ட 12,000 ரூபாய். "எல்லாம் சேர்த்து என் கணக்கில் எவ்வளவு பிடிப்பீர்கள்" என்ற ஒரே கேள்வியை மூன்று இடத்தில் கேளுங்கள். அப்பாவின் பான் எண்ணில் இந்த நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்புவது மொத்தம் 10 லட்சத்துக்குள் இருக்கும்வரை டி.சி.எஸ். எனப்படும் முன்வரியும் பிடிக்க மாட்டார்கள்.

சரி, இப்போது அந்த 1,500 யூரோவுக்கு வருவோம், இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாடு போகிற பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது மொத்தப் பணம் போதாமல் இல்லை, முதல் ஐந்தாறு வாரத்தில் கையில் பணம் இல்லாமல். பிளாக்டு அக்கவுன்ட்டில் ஆறு லட்சம் கிடக்கும், ஆனால் அது திறக்க அங்கே ஒரு நடப்புக் கணக்கு வேண்டும், கணக்கு தொடங்கப் பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்று கேட்கும், பதிவு செய்ய வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு படிவம் வேண்டும், அதற்கு முதலில் வீடு வேண்டும், வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும். அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் சேர்ந்து 600 யூரோ, பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் கட்டணம் சுமார் 300, மருத்துவக் காப்பீடு முதல் மாதம் 140 முதல் 150, அப்புறம் போர்வை, தலையணை, குக்கர், சிம். இவ்வளவும் முதல் மாத 992 யூரோ வருவதற்கு முன்பே வந்து நிற்கும். அதனால் 1,500 யூரோவை ஃபாரெக்ஸ் கார்டில் (முன்பே யூரோ நிரப்பிக்கொள்ளும் அட்டை) போட்டு, அதில் 250 யூரோவை மட்டும் ரொக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் சாதாரண டெபிட் கார்டை அங்கே தேய்த்தால் ஒவ்வொரு முறையும் 3.5% வரை போகும், அதை அவசரத்துக்கு மட்டும் வையுங்கள்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம், அன்மெல்டுங் என்பார்கள். அதற்கான நேரத்தை இங்கிருந்தே இணையத்தில் பதிவு செய்ய முடிந்தால் செய்துவிடுங்கள், அக்டோபரில் எல்லா மாணவர்களும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். அதைவிட முக்கியம், போன முதல் நாளே தபால் பெட்டியில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுவது. அங்கே அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் பெரும்பாலும் கிடையாது, பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் போடுவார். பெயர் இல்லையென்றால் வங்கி அட்டை, அதன் பின் எண், வரி அடையாள எண் எல்லாம் திரும்பிப் போய்விடும், அது மறுபடி வரும்வரை நீங்கள் காசில்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள். நம் பிள்ளைகளுக்கு இனிஷியல் சிக்கல் வேறு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் என்ன இருக்கிறதோ, அதே எழுத்தில் வங்கி, காப்பீடு, தபால் பெட்டி எல்லாவற்றிலும் கொடுங்கள்.

தங்க மாணவர் விடுதிதான் நல்லது. அனுமதிக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். டிரெஸ்டனில் 300 யூரோவுக்குப் பக்கத்தில் ஒரு அறை கிடைக்க வாய்ப்பு உண்டு, மியூனிக்கில் அது நடக்காது. வெளியில் தேடினால் வார்ம்மீட்டயா கால்ட்மீட்டயா என்று கேளுங்கள், முதலாவதில் ஹீட்டர் செலவும் அடங்கும், இரண்டாவதில் அடங்காது, குளிர்காலத்துக்குப் போகிற உங்களுக்கு இது பெரிய வித்தியாசம். அட்வான்ஸ் மூன்று மாத கால்ட்மீட்டவுக்கு மேல் யாரும் கேட்கக் கூடாது. "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யாராவது எழுதினால் அது மோசடி. அழகான ஃபோட்டோ, பாஸ்போர்ட் நகல் எல்லாம் அனுப்புவார்கள். வீட்டைப் பார்க்காமல் தனிநபருக்கு ஒரு யூரோ அனுப்பாதீர்கள்.

மாதச் செலவு என்று பார்த்தால் வாடகை 300, காப்பீடு 145, சாப்பாடு 200, போன் 10, மற்றதெல்லாம் 80, ஆக 735 யூரோவில் முடியும். மென்சா என்ற மாணவர் உணவகத்தில் 3, 4 யூரோவுக்குச் சூடாக மதியச் சாப்பாடு கிடைக்கும், சைவமும் உண்டு. காலியான தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் வரை கிடைக்கும். ஒளிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும், டிவி இல்லையே என்று ஓரமாக வைத்துவிடாதீர்கள், அது வீட்டுக்கு ஒன்று, வீட்டைப் பகிர்ந்துகொள்பவர்கள் பங்கு போட்டுக் கட்டலாம். போன் இணைப்பு ப்ரீபெய்டு மட்டும், இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே வேண்டாம். போய் இறங்கும் நாளும் முக்கியம்: ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், அக்டோபர் 3 தேசிய விடுமுறை, அதனால் செவ்வாய், புதன் போலப் போய்ச் சேருங்கள்.

வேலை பற்றி. மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது, குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்களுக்கு வரி எண் தபாலில் வந்து, கணக்கு தொடங்கி, வேலை தேடி முடிக்க நவம்பர் கடைசி ஆகிவிடும், ஜெர்மன் மொழி தெரியாமல் கிடைக்கும் வேலைகள் குறைவு, பிப்ரவரியில் தேர்வு. நடுவில் கிடைப்பது இரண்டு மாதம். கிடைத்தால் சந்தோஷமாகப் போங்கள், ஆனால் அந்தப் பணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அம்மாவின் நகை தலைமேல் இருக்கிறது என்று கிடங்கில் பெட்டி தூக்கப் போய், வகுப்பை விட்டு, தேர்வில் கோட்டை விட்டால் அந்த மதிப்பெண்தான் இங்கே உங்கள் கல்லூரிக்கு வந்து சேரும்.

இன்னொன்றையும் மனதிலிருந்து சொல்கிறேன். போன புதிதில் எல்லாவற்றையும் 100-ஆல் பெருக்குவீர்கள். ஒரு காபி 300 ரூபாயா என்று திரும்பி வந்து, நண்பர்கள் கூப்பிடும் இடத்துக்கெல்லாம் போகாமல், ரொட்டியும் ஜாமும் தின்று அறையிலேயே இருந்து பணத்தை மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பப் பார்ப்பீர்கள். வேண்டாம். 992-க்கும் 735-க்கும் நடுவில் மாதம் 250 யூரோ இருக்கிறதே, அது உங்களுக்காக வைத்தது, நகைக் கடன் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்திலேயே நாடு முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களில் போகும் பயணச்சீட்டு அடங்கியிருக்கும். டிரெஸ்டனிலிருந்து பக்கத்துச் செக் நாட்டின் தலைநகர் பிராக் ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள். போய்ப் பாருங்கள்.

கிளம்பும் வாரத்தில் முகவரிப் பதிவை ரத்து செய்யுங்கள், ஒளிபரப்புக் கட்டணத்தையும் காப்பீட்டையும் எழுத்தில் நிறுத்துங்கள். விடுதி அறையை எத்தனை வாரம் முன்பு காலி செய்வதாகச் சொல்ல வேண்டும் என்பதை ஒப்பந்தம் போடும் நாளிலேயே பார்த்துக் குறித்து வையுங்கள். வங்கிக் கணக்கை மட்டும் உடனே மூடாதீர்கள். வாடகை அட்வான்ஸ் நீங்கள் கோவைக்கு வந்து சில வாரம், சில நேரம் சில மாதம் கழித்துத்தான் வரும், அது வந்து சேர அந்தக் கணக்கு திறந்திருக்க வேண்டும்.