ஒசாகாவில் ஓய்வு நேரம்: காசில்லாப் படகு, ஆற்றடிச் சுரங்கம், தெருமுனை வெந்நீர்க் குளியல்

கேள்வி: பம்ப் தயாரிக்கும் எங்கள் கம்பெனி என்னை மூன்று வாரப் பயிற்சிக்கு ஒசாகா அனுப்புகிறது. மாலை நேரமும் ஞாயிற்றுக்கிழமைகளும் என்னுடையவை. கோட்டை, தோதொன்போரி, யுனிவர்சல் ஸ்டுடியோஸ் எல்லாம் பார்த்துவிடுவேன். அதற்கு மேல், கூட்டமும் வரிசையும் இல்லாமல், அதிகச் செலவில்லாமல், கொஞ்சம் விநோதமாக என்ன பார்க்கலாம்? ஜப்பானிய மொழி தெரியாது. நான் சைவம். (கோவை வாசகர்)

பதில்: ‘யாருக்கும் தெரியாத இடம்’ என்று மட்டும் தேடாதீர்கள். அப்படித் தேடிப் போகிற இடத்தில் ஏற்கெனவே பாதிப் பேர் கேமராவோடு நிற்பார்கள். ஒசாகாவில் நான் இருந்த ஆண்டுகளில் எனக்குப் பிடிபட்ட வழி வேறு. ஊர்க்காரர்கள் வேலைக்குப் போக, குளிக்க, சாமி கும்பிட, காய்கறி வாங்க எதில் போகிறார்களோ, எங்கே நுழைகிறார்களோ, அவர்கள் பின்னாலேயே நீங்களும் போங்கள். அந்த ஊரின் நல்ல விநோதங்கள் பலவும் மாநகராட்சி தன் மக்களுக்காக நடத்துகிறவை. சுற்றுலாவுக்காகச் செய்தவை அல்ல என்பதால்தான் அங்கே கூட்டம் இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமையைப் படகுக்கு ஒதுக்குங்கள். ஒசாகா ஆறுகள் கடலில் சேரும் இடத்தில் இருக்கும் ஊர். மேற்குப் பக்கம் முழுக்க ஆலைகளும் கப்பல் பட்டறைகளும். கப்பல் உள்ளே வர வேண்டுமானால் பாலத்தை வானத்துக்குத் தூக்கிக் கட்ட வேண்டும். அவ்வளவு உயரத்துக்கு நடந்தோ சைக்கிளை மிதித்தோ ஏறி இறங்கினால் அக்கரை சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிடும். அதனால் மாநகராட்சியே அங்கங்கே சின்னப் படகு விடுகிறது. ‘தோசென்’ என்பார்கள். இன்றைக்கு எட்டுத் துறைகள் இருக்கின்றன. 1935 வாக்கில் 31 இருந்தன. பாலம் வர வர மற்றவை நின்றுபோயின. எட்டிலும் கட்டணம் கிடையாது. 1920-ல் சாலைச் சட்டம் வந்ததிலிருந்தே அப்படித்தான்: ஆற்றைக் கடக்கும் இந்தத் துண்டும் சாலைதான், சாலையில் நடக்க யாரும் காசு வாங்குவதில்லை. எனக்கு இந்த நியாயம் ரொம்பப் பிடிக்கும்.

எட்டில் ஏழு, தைஷோ என்ற வார்டைத் தொட்டுக்கொண்டு இருக்கின்றன. தண்ணீர் சூழ்ந்த தீவு மாதிரியான பகுதி அது. தைஷோ ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸிலோ நடந்தோ தெற்கே போய் சென்பொன்மாட்சு துறையைப் பிடியுங்கள். தலைக்கு மேலே அதே பெயரில் ஒரு பாலம் நிற்கும். இரண்டு முனையிலும் சாலை சுருள் சுருளாகச் சுற்றி ஏறுவதால் ஊர்க்காரர்கள் அதை மூக்குக்கண்ணாடிப் பாலம் என்பார்கள். 1973-ல் கட்டியது. பாலம் வந்த பிறகு படகை நிறுத்திவிடலாம் என்று நினைத்தார்களாம். இவ்வளவு உயரம் நாங்கள் எப்படி ஏறுவது என்று மக்கள் கேட்கவே, படகு தங்கிவிட்டது.

இனி படகைப் பாருங்கள். துறையில் ஒரு சிறு கொட்டகை, ஒரு பெஞ்சு, சுவரில் நேர அட்டவணை. நேரம் நெருங்கும்போது எங்கிருந்தோ சைக்கிள்கள் வந்து சேரும். ஆலைக்குப் போகிறவர், மீன் பையோடு ஓர் அம்மா, சீருடையில் பள்ளிப் பையன்கள். யாரும் பேசிக்கொள்வதில்லை. படகு வந்து ஒட்டியதும் பாதுகாப்புச் சட்டை போட்ட ஊழியர் சங்கிலியை எடுத்துவிடுவார், எல்லோரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறி, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொள்வார்கள். படகு பின்வாங்கி, ஆற்று நடுவே ஒரு வளைவு போட்டு, அக்கரையில் ஒட்டும். 230 மீட்டர்தான், ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் டீசல் வாசனையும் கடல் காற்றும் முகத்தில் அடிக்கும். மேலே பாலத்தில் லாரி போகும் சத்தம் தூரத்து இடி போல உருளும். இறங்கும்போது ஊழியர் ஒவ்வொருவருக்கும் தலை வணங்குவார். நீங்களும் லேசாகக் குனிந்து வணங்கிவிட்டு இறங்குங்கள்.

அக்கரையில் இறங்கி ஆற்றோரமாக வடக்கே நடந்தால் ஓச்சியாய்ஷிமோ என்ற இன்னொரு துறை வரும். அதில் ஏறித் திரும்பவும் தைஷோ பக்கம் வந்தால் நீங்கள் நிற்பது ஹிராஓ. ஒகினாவா தீவுகளிலிருந்து பல தலைமுறைக்கு முன் பிழைக்க வந்தவர்களின் குடும்பங்கள் இந்த வார்டில் நிறைய. ஹிராஓ கடைத்தெருவில் அவர்கள் ஊர்ச் சாமான், அவர்கள் ஊர்ப் பலகாரம் எல்லாம் கிடைக்கும். ‘சாத்தா அந்தாகி’ என்று ஒன்று விற்பார்கள். பார்த்தால் அப்படியே நம் இனிப்புப் போண்டா. முட்டை சேர்ப்பார்கள், நீங்கள் எந்த அளவுக்குச் சைவம் என்பதைப் பொறுத்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவு தூரம் போக நேரமில்லை என்றால் தெம்போசான் படகு போதும். மீன் காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே துறை இருக்கிறது, அக்கரை சகுராஜிமா. அங்கிருந்து யுனிவர்சல் ஸ்டுடியோஸ் நடக்கிற தூரம்தான். எட்டுத் துறைகளிலும் தண்ணீரின் அகலம் மிக அதிகமாக இருப்பது இங்கேதான், 400 மீட்டர். படகு ஏறுவதற்கு முன் பூங்காவுக்குள் தெம்போசான் என்ற ‘மலை’யிலும் ஏறிவிடுங்கள். 1831-ல் ஆற்றைத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி உண்டான மேடு. இன்று உயரம் 4.53 மீட்டர். ஜப்பானிலேயே மிகத் தாழ்ந்த மலை என்ற பெருமை வெகுகாலம் இதற்குத்தான் இருந்தது. 2011 சுனாமியில் செண்டாய் நகரின் ஹியோரியாமா என்ற குன்று கரைந்து 3 மீட்டர் ஆனதும் அந்தப் பெயர் அங்கே போய்விட்டது.

ஆற்றைப் படகில் கடந்தாயிற்று. அதற்கு அடியிலும் கடக்கலாம். நிஷிகுஜோ ஸ்டேஷனிலிருந்து சில நிமிடம் நடந்தால் அஜி ஆற்றங்கரையில் ஒரு பழைய சாம்பல் நிறக் கட்டிடம். உள்ளே பெரிய லிஃப்ட். சைக்கிளோடு நாலைந்து பேர் ஏறிக் கீழே போவார்கள். கீழே ஆற்றடியில் 80 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைச் சுரங்கம். 1944-ல், போர் நடுவில் திறந்தது. கரையில் செய்த குழாயை ஆற்றில் மிதக்கவிட்டு அடியில் அமிழ்த்திப் பொருத்தினார்கள். ஜப்பானில் அந்த முறையில் கட்டிய முதல் சுரங்கம் இதுதான். முன்பு கார்களுக்கும் தனி லிஃப்ட் இருந்தது, 1977-ல் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெரிய கதவுகளை இன்னும் பார்க்கலாம். பம்ப் தொழிலில் இருக்கிற உங்களுக்கு இது கட்டாயம் பிடிக்கும். ஆகஸ்ட் வெயிலில் போனீர்களானால் சுரங்கத்துக் குளிர்ச்சியை விட்டு வெளியே வர மனசு வராது. இதற்கும் காசு கிடையாது. சைக்கிள் இருந்தால் உள்ளே தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

சரி, மாலை நேரத்துக்கு வருவோம். பயிற்சி முடிந்து உடம்பு அலுத்திருக்கும் நாளில் ‘செந்தோ’வுக்குப் போங்கள். பேட்டைக்குப் பேட்டை இருக்கும் பொதுக் குளியலறை. வீட்டில் குளியலறை இல்லாத காலத்தில் தொடங்கியது, இப்போது பெரியவர்களும் இரவு வேலை செய்கிறவர்களும் பழக்கத்துக்காக வருகிறார்கள். பெரும்பாலும் பிற்பகலில்தான் திறப்பார்கள். சாதாரணச் செந்தோவுக்கு மாகாண அரசே விலை வைப்பதால் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே கட்டணம், சில நூறு யென். வாசலில் தொங்கும் துணித் திரையில் மீன் வளைந்து நீந்துவது போல ஓர் எழுத்து இருக்கும். ‘யு’ என்று படிக்க வேண்டும், வெந்நீர் என்று அர்த்தம். அதுதான் அடையாளம்.

உங்கள் தயக்கம் எனக்குத் தெரியும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி, ஆனால் உள்ளே யாரும் துணி கட்டுவதில்லை. முதல் ஐந்து நிமிடம் கூச்சமாக இருக்கும். யாரும் உங்களைப் பார்ப்பதில்லை என்று தெரிந்ததும் கூச்சம் போய்விடும். செருப்பை வாசல் பெட்டியில் வைத்துப் பூட்டி மரத் துண்டுச் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுங்கள். உள்ளே சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கத் தேய்த்துக் குளித்த பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி ஊறுவதற்கு மட்டும். சின்னத் துண்டைத் தண்ணீரில் நனைய விடாமல் தலையில் மடித்து வைத்துக்கொள்வார்கள். இந்த இரண்டையும் கவனித்தால் போதும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சோப்பும் துண்டும் கையோடு கொண்டு போங்கள், மறந்தால் அங்கேயே வாங்கலாம்.

தண்ணீர் மொள்ள மஞ்சள் பிளாஸ்டிக் சட்டி இருக்கும். அடியில் சிவப்பு எழுத்தில் ‘கெரோரின்’ என்ற தலைவலி மருந்தின் விளம்பரம். 1963-ல் தொடங்கிய இந்த விளம்பரச் சட்டி இன்றும் செந்தோவுக்குச் செந்தோ இருக்கிறது. டோக்கியோ பக்கத்துச் சட்டியை விட ஒசாகா பக்கத்துச் சட்டி கொஞ்சம் சிறியது. ஒசாகாவில் தொட்டியிலிருந்தே தண்ணீரை மொண்டு மேலே ஊற்றிக்கொள்வார்கள், பெரிய சட்டியானால் கை வலிக்கும். தொட்டியும் டோக்கியோவில் போல சுவரோரம் இல்லாமல் பழைய இடங்களில் கூடத்தின் நடுவே இருக்கும், சுற்றிலும் திண்டு. நம் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து குளிப்பது போல அதில் உட்கார்ந்து ஊற்றிக்கொள்வார்கள். இன்னொரு எச்சரிக்கை: இந்தப் பகுதிச் செந்தோக்களில் ‘தென்கி புரோ’ என்று லேசாக மின்சாரம் பாயும் தொட்டி ஒன்று இருக்கும். தசையைப் பிடித்து இழுப்பது போல ‘விர்’ரென்று இருக்கும், பெரியவர்கள் இடுப்பு வலிக்கு விரும்பி இறங்குவார்கள். இதயக் கோளாறு உள்ளவர்கள், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. குளித்து வந்ததும் குளிர்பெட்டியில் கண்ணாடிப் பாட்டிலில் காபிப் பால் இருக்கும். அதைக் குடிக்காமல் கிளம்பாதீர்கள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை டிராம். ஒசாகாவில் மிஞ்சியிருப்பது ஹன்காய் டிராம் ஒன்றுதான். தென்னோஜியிலோ எபிசுச்சோவிலோ ஏறலாம். வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு, சில இடங்களில் சாலை நடுவே காரோடு காராக, ஆடி ஆடிப் போகும். 1928-ல் செய்த மரத் தரைப் பெட்டிகள் சில இன்னமும் ஓடுகின்றன. ஏசி இல்லாததால் கோடையில் பொதுவாக அவற்றை எடுப்பதில்லை. குளிர்காலத்தில் போகிறவராக இருந்தால் ஒன்றிரண்டு வண்டியை விட்டுவிட்டுக் காத்திருந்து ஏறலாம்.

சுமியோஷி தைஷா கோயிலில் இறங்குங்கள். கடலோடிகளின் தெய்வம், மிகப் பழைய கோயில். வாசலில் வில்லாக வளைந்த சிவப்புப் பாலத்தை எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் அதைத் தாண்டி உள்ளே, ‘கோஷோ கோசென்’ என்ற சிறு இடத்தைக் கேட்டுப் போங்கள். கல்வேலி போட்ட சதுரம், உள்ளே முழுக்கக் கூழாங்கல். வேலி இடுக்கில் கையை விட்டுச் சிலர் கல்லைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். சில கற்களில் மையால் ஓர் எழுத்து எழுதியிருக்கும்: ‘ஐந்து’, ‘பெரிய’, ‘வலிமை’. மூன்றும் சேர்ந்தால் உடல்வலிமை, அறிவு, செல்வம், நற்பேறு, ஆயுள் என்ற ஐந்து பெரும் வலிமைகள். மூன்று கல்லும் கிடைத்தால் கோயிலில் ஒரு சிறு பை வாங்கிப் போட்டு வைத்துக்கொள்ளலாம். மொழி தெரியாதே என்று கவலை வேண்டாம். ‘பெரிய’ என்ற எழுத்து கையைக் காலை விரித்து நிற்கும் ஆள் போல இருக்கும். ‘வலிமை’ வளைந்த கொக்கி போல. ‘ஐந்து’க்கு மேலும் கீழும் படுக்கைக் கோடு, நடுவே கட்டம் மாதிரி. எனக்கு முதல் இரண்டும் சீக்கிரம் கிடைத்தன, மூன்றாவதற்கு அரைமணி நேரம் குந்தி உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி பேசாமல் தன் கையிலிருந்த ஒன்றை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார். நினைத்தது நடந்தால் அந்தக் கற்களோடு, உங்கள் ஊர்க் கல்லிலும் அதே எழுத்துகளை எழுதிக் கொண்டுவந்து போட வேண்டும் என்பது வழக்கம்.

போகிற வழியில் இருந்தால் எட்டிப் பார்க்க இன்னும் இரண்டு. உமேதாவுக்குப் பக்கத்தில் ஃபுகுஷிமாவில் (அணு உலை விபத்து நடந்த இடம் அல்ல, ஒசாகாவிலேயே இருக்கும் ஒரு வார்டு) கேட் டவர் என்ற 16 மாடிக் கட்டிடத்தின் 5, 6, 7-ஆம் தளங்களுக்குள் நெடுஞ்சாலை நுழைந்து வெளியேறுகிறது. கெய்ஹான் ரயிலில் கயாஷிமா ஸ்டேஷன் போனால், சுமார் 700 ஆண்டு வயதான கற்பூர மரம் நடைமேடையையும் கூரையையும் துளைத்துக்கொண்டு நிற்கிறது. வெட்ட மனமில்லாமல் ஸ்டேஷனையே மரத்தைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, பார்த்து ஏறுங்கள்.

மழை பெய்தால் தெஞ்சின்பாஷி கடைத்தெரு. 2.6 கிலோமீட்டருக்குக் கூரை போட்ட தெரு, இடையிடையே குறுக்குச் சாலை கடக்கும்போது மட்டும்தான் நனைவீர்கள்.

அப்புறம் சாப்பாடு. இதில் உங்களுக்குச் சிரமம் உண்டு. பார்க்கச் சைவமாகத் தெரியும் குழம்பிலும் சாஸிலும் பெரும்பாலும் ‘தாஷி’ என்ற மீன் சாறு இருக்கும். ‘நிக்கு நாஷி, சகானா நாஷி, தாஷி மோ நாஷி’ (இறைச்சி, மீன், தாஷி மூன்றும் வேண்டாம்) என்று ஒரு தாளில் ஜப்பானிய எழுத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு கடையில் காட்டுங்கள். பயிற்சி தரும் இடத்தில் யாரைக் கேட்டாலும் எழுதித் தருவார்கள். ஊர் சுற்றும் நாளில் வாழைப்பழமும் பிரெட்டும் பையில் இருக்கட்டும். களைத்துப்போனால் பழைய காபிக் கடை எதிலாவது நுழைந்து ‘மிக்கூசு ஜூசு’ கேளுங்கள். பால், வாழைப்பழம், ஆரஞ்சு, ஐஸ் எல்லாம் சேர்த்து அடித்த ஒசாகாவின் சொந்தப் பானம், பேட்டைக் கிழவர்கள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டே குடிப்பார்கள்.

படகுத் துறைகளில் சுவரில் இருக்கும் அட்டவணையைப் போனதும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு நேரம் வேறு, சில துறைகளில் கடைசிப் படகு இருட்டுவதற்குள்ளேயே போய்விடும்.