கணக்கில் வராத நடை

அன்புள்ள அம்மாவுக்கு,

தலைமைச் செயலகத்தில், சாலைப் பணிகளைக் கவனிக்கும் ஒரு துறையில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் பாலினச் சமத்துவம் பற்றி இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து, நம் திட்டங்களிலும் இதைச் சேர்க்கலாமே என்றேன். "தார் ரோட்டில் ஆண் ரோடு, பெண் ரோடு என்று உண்டா?" என்று பிரிவே சிரித்தது. பெண்கள் நாட்டின் கண்கள் என்று ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இதைப் பற்றிப் படிக்க நல்ல புத்தகங்கள் சொல்ல முடியுமா? சமூக நலத் துறைக்கு மாறுதல் கேட்கலாமா என்றும் யோசிக்கிறேன். பெயரைப் போட வேண்டாம்.

க., சென்னை

அன்புள்ள க.,

அந்தக் கேலிக்குப் பதில் உங்கள் பிரிவின் அலமாரியிலேயே இருக்கிறது. அதை எடுத்துப் புரட்டாமல் கண், தாய், நதி என்று பேசப் போனது உங்கள் தப்பு. சிரித்தவர்களை விட எனக்கு உங்கள் மேல்தான் கோபம். அலுவலகத்தில் கவிதை சொன்னால் கைதட்டிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.

ஏதாவது ஒரு சாலை அகலப்படுத்தும் கருத்துருவை எடுங்கள். போக்குவரத்துக் கணக்கெடுப்பு என்று ஓர் இணைப்பு இருக்கும். ஒவ்வொரு வண்டியையும் எண்ணி, அது எத்தனை காருக்குச் சமம் என்று கார் அலகாக மாற்றியிருப்பார்கள். பி.சி.யூ. என்பார்களே, அதுதான். ஒரு கார் ஒரு அலகு. ஒரு பேருந்து ஏறக்குறைய மூன்று. அந்தப் பேருந்தில் அறுபது பேர் தொங்கிக்கொண்டு போனாலும் மூன்றுதான். நடந்து போகிறவருக்கு அந்த அட்டவணையில் அலகே கிடையாது.

கண்ணகி நகரிலிருந்து அடையாறுக்கு வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு நடை, பேருந்து, இறங்கிச் சாலையைக் கடப்பது, மறுபடி நடை. திரும்பும்போது ரேஷன் கடை, பள்ளிக்கூடம். இவ்வளவு அலைந்தும் உங்கள் கணக்கெடுப்பில் அவர் ஒரு பேருந்தின் மூன்று அலகில் அறுபதில் ஒரு பங்கு. பக்கத்தில் காரில் தனியாகப் போகிறவர் முழுசாக ஒன்று. இப்போது சொல்லுங்கள், ஆண் ரோடு உண்டா இல்லையா?

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு நாளுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். இந்த 289 நிமிடத்தைச் சுமப்பவரின் பயணம் துண்டு துண்டாகத்தான் இருக்கும். தூரம் குறைவு, நேரமும் காலை ஒன்பது மணி நெரிசலோடு ஒத்துப்போகாது. நெரிசல் நேரத்தை மட்டும் எண்ணினால் இந்தப் பயணங்களில் பல நழுவிவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. நிறுத்தம், கடக்கும் இடம் இரண்டிலும் நடப்பவர்களை எண்ணச் சொல்லுங்கள். காலை 6 முதல் 8, பகல் 11 முதல் 1, இரவு 8 முதல் 10. ஒவ்வொரு மணியிலும் பதினைந்து நிமிடம் எண்ணினால் போதும். இரண்டு வேலை நாள், ஒரு ஞாயிறு. ஆண், பெண், குழந்தையோடு வருகிறவர், சுமையோடு வருகிறவர், சக்கர நாற்காலி என்று ஐந்து கட்டம், கோடு போட்டால் ஆயிற்று. இரண்டு ஆள், ஒரு அட்டை, பேனா. செலவு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்.

எங்கே கெடும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். எண்ணப் போகிறவர் வெயில் தாழ்ந்து நாலு மணிக்குப் போவார், அவருக்கு அதுதான் வசதி. இல்லையென்றால் போகவே மாட்டார். "பெண்கள் 50 சதவீதம்" என்று எழுதிவிடுவார். எல்லா வரிசையிலும் சரிபாதி வந்தால் நம்பாதீர்கள், மேசையில் பிறந்த எண் அது. அடுத்தது விளக்கு. கம்பம் நடுத்தடுப்பில் நின்று வண்டி ஓடும் பாதைக்கு வெளிச்சம் தரும், நடைபாதை மரத்து நிழலில் இருட்டாகக் கிடக்கும். கேட்டால், விளக்கு உள்ளாட்சியின் பொறுப்பு என்பார்கள். உள்ளாட்சியின் கடிதத்தைக் கருத்துருவோடேயே வாங்கிவிட வேண்டும்.

காலம் தவறினாலும் போச்சு. நிர்வாக ஒப்புதலுக்கு முன்பே இதெல்லாம் உள்ளே வந்துவிட வேண்டும். தொழில்நுட்ப ஒப்புதலும் முடிந்து ஒப்பந்தப்புள்ளி திறந்தபிறகு ஒரு சரிவுப் பாதை சேர்க்கச் சொன்னால், திருத்திய மதிப்பீடு, தணிக்கைக் கேள்வி என்று பொறியாளர் பயப்படுவார். அவர் பயம் நியாயம்தான். அவரை ஆணாதிக்கவாதி என்று திட்டிப் பயனில்லை.

டெல்லியில் 2005-06இலிருந்து மத்திய அரசின் பட்ஜெட்டோடு பாலின அறிக்கை வருகிறது. முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் ஒரு பகுதி, முப்பது சதவீதமாவது பெண்களுக்குப் போகிறவை இன்னொரு பகுதி. திட்டத்தைப் போட்ட பிறகு சதவீதம் தேடுகிற வேலை அது. வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதை நிரப்பத் தெரிவதைத் திறன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாட்டின் மகளிர் கொள்கை 2024இல் வந்தது. அதைப் படியுங்கள், புத்தகத்துக்குப் பதிலாக.

நம் அரசுக்கு நல்ல எண்ணிக்கை கிடைத்த இடமும் உண்டு. 2021 மே மாதம் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. சும்மா ஏறிக்கொள்ளுங்கள் என்று அதை அப்படியே விட்டுவிடவில்லை. நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டு கிழித்துக் கொடுக்கிறார். அந்தச் சீட்டால்தான் எந்தத் தடத்தில் எத்தனை பெண்கள் என்று துறைக்குத் தெரிகிறது. அதற்கு யாரும் இரண்டு நாள் பயிற்சிக்குப் போகவில்லை. வேலையின் நடுவிலேயே எண்ணும் வழி அமைந்துவிட்டது.

பயிற்சி பெற்ற செயலர் ஒரு வருடத்தில் மாறிவிடுவார், நீங்களும் மாறுவீர்கள். பிரிவில் இருக்கப்போவது முந்தைய கோப்புதான். புதிதாக வருகிறவர் அதைப் பார்த்துத்தான் எழுதுவார். அதில் நடப்போர் எண்ணிக்கை ஓர் இணைப்பாக இருந்தால் அவரும் கேட்பார், ஏன் என்று தெரியாமலேயே கேட்பார். அது போதும். மனம் மாறட்டும் என்று காத்திருந்தால் ஓய்வூதியம் வந்துவிடும்.

மாறுதல் கேட்பதாவது! சமூக நலத் துறையில் இதைக் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள், ரோட்டுக்குத்தான் ஆள் இல்லை. அடுத்த கருத்துரு மேசைக்கு வரும்போது குறிப்பில் ஒரே ஒரு விளக்கம் கேட்டு எழுதி வையுங்கள்: நடப்பவர்களை எண்ணினீர்களா, எந்த மணிக்கு?