அமாவாசைக் குழந்தையும் ஒரு சிறுகோளும்

அன்புள்ள ஐயா,

பஞ்சாங்கக் கணக்கைப் பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஓராண்டாக இணையவழியில் மேற்கத்திய ஜோதிடம் கற்றுவருகிறேன். என் மாமனாரோ நம் முறையில் ஜாதகம் கணிப்பவர். என் மகள் 2024 ஏப்ரல் 8ஆம் தேதி மாலை திருச்சியில் பிறந்தாள். அமாவாசையில் பிறந்த குழந்தை, சாந்தி செய்துவிடலாம் என்கிறார் மாமனார். எங்கள் வகுப்பு ஆசிரியையோ, நியூ மூனில் பிறந்தவர்கள் எதையும் தாமாகத் தொடங்கும் துணிவு உடையவர்கள் என்று பாராட்டிவிட்டு, அன்று கைரான் என்ற சிறுகோள் சூரிய சந்திரர்களோடு சேர்ந்து நின்றதால், தாயினால் உண்டாகும் ஒரு காயத்தை அவள் வாழ்நாள் முழுதும் சுமப்பாள் என்றும் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு உறக்கம் சரியில்லை. என் ஜாதகத்திலும் ஆறாம் வீட்டில் ஜூனோ, ஏழாம் வீட்டில் சாஃபோ என்று வேறு இரு சிறுகோள்களைக் குறித்து, இல்லறம் எனக்குச் சுமையாகவே அமையும் என்றார்.

அமாவாசை, பௌர்ணமிகளுக்கு எப்படிப் பலன் காண்பது, சிறுகோள்களை நம் கட்டத்தில் சேர்ப்பது முறையா என்று விளக்க வேண்டுகிறேன். இன்னொன்றும் உண்டு. தையற்கடை ஒன்று தொடங்க இருக்கிறேன். நியூ மூன் கழிந்த மறுநாள் தொடங்கச் சொல்கிறது வகுப்பு. மறுநாள் பாட்டிமை, அதாவது பிரதமை, கூடவே கூடாது என்கிறது வீடு.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் விருப்பப்படி பெயரையும் குழந்தை பிறந்த நேரத்தையும் நீக்கிவிட்டே கடிதத்தை வெளியிடுகிறேன். நான் பலன் சொல்பவன் அல்லன். வானத்தின் கணக்கையும், அந்தக் கணக்கின்மேல் பொருள் எப்படி வந்து ஏறியது என்பதையும் பார்க்கும் பழக்கம் மட்டுமே எனக்கு உண்டு. உங்கள் உறக்கத்தைக் கெடுத்த வாக்கியத்தை ஆராய அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த நாளின் கணக்கு. 2024 ஏப்ரல் 8 அன்று, இன்றைய வானியல் கணக்கைத் தழுவிய திருக்கணிதப் பஞ்சாங்கப்படி, விடியற்காலை மூன்றரை மணிக்குச் சற்று முன் தொடங்கிய அமாவாசைத் திதி இரவு 11.50 அளவில் முடிந்தது. மெக்சிகோ, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்த அமாவாசை அது. இந்தியாவில் அது தெரியவில்லை. உலகில் எங்குமே கிரகணம் பற்றத் தொடங்கியது நம் நேரப்படி இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான். ஆகவே உங்கள் மகள் கிரகண காலத்தில் பிறந்தவள் என்று யாரேனும் சொன்னால் அதை உடனே ஒதுக்கிவிடலாம். சம இரவுப் புள்ளியிலிருந்து ராசிகளை அளக்கும் மேற்கத்திய முறை அன்றைய சூரிய சந்திரச் சேர்க்கையை மேஷத்தின் 19ஆம் பாகையைத் தாண்டி வைக்கிறது. இரு முறைகளின் தொடக்கப் புள்ளிகளுக்கும் இடையிலான ஏறத்தாழ 24 பாகை வேறுபாட்டை, அதாவது அயனாம்சத்தை, கழித்துக்கொள்ளும் நம் முறையில் அதே சேர்க்கை மீனத்தின் 25 பாகையில், ரேவதி நட்சத்திரத்தில் விழுகிறது. உங்கள் ஆசிரியை கண்ட துணிவில் ஒரு பங்கு மேஷத்திலிருந்து வந்தது என்றால், உங்கள் மாமனாரின் கட்டத்தில் அந்த மேஷமே இல்லை. ஒரு முறையின் ராசியை எடுத்து மற்ற முறையின் வீட்டில் குடிவைப்பதுதான் இன்றைய இணையவழிப் பலன்களில் நான் மிகுதியாகக் காணும் பிழை.

இதைவிட நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பன்னிரண்டு பாகைக்கு ஒன்றாக வகுத்த முப்பது பங்குகளே திதிகள். அவற்றுள் கடைசிப் பங்கு, அதாவது சந்திரன் சூரியனை நெருங்கிக்கொண்டிருக்கும் 348 முதல் 360 பாகை வரை உள்ள பங்கு, அமாவாசை. சந்திரனின் வேகத்தைப் பொறுத்து ஒரு திதி 19 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரமும் நீடிக்கலாம். மேற்கில் நியூ மூன் என்பது ஒரு கணம். சூரியனும் சந்திரனும் ஒரே பாகையில் சேரும் அந்தக் கணம் நமக்கு அமாவாசை முடிந்து பிரதமை தொடங்கும் கணம். அவர்கள் அந்தக் கணத்தில் நின்று முன்னோக்கிப் பார்ப்பதால் அதை விதை என்கிறார்கள். நாம் அதற்கு முன்னுள்ள பொழுதைப் பார்ப்பதால் அது மாதத்தின் முடிவாகவும், ஆடியிலும் தையிலும் புரட்டாசி மகாளயத்திலும் முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைக்கும் நாளாகவும் ஆகிறது.

இப்போது உங்கள் மகளுக்கு வருவோம். மாலையில் பிறந்ததால் அவள் பிறக்கும்போது சந்திரன் சூரியனைத் தொட இன்னும் ஏறக்குறைய மூன்று பாகை பாக்கி இருந்தது. சந்திர சுழற்சியை எட்டுப் பருவங்களாகப் பிரித்து, பிறந்தவரின் இயல்பை அவற்றால் விளக்கும் முறையை மேற்கில் பரப்பியவர் தேன் ருத்யார். பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். அவர் பகுப்பில் நியூ மூன் பருவம் என்பது சேர்க்கைக்குப் பின் வரும் 45 பாகை. சேர்க்கைக்கு முன் உள்ள 45 பாகைக்கு அவர் வைத்த பெயர் பால்சமிக் பருவம். அது ஒரு சுழற்சி தன்னை முடித்துக்கொண்டு அடுத்ததற்கு வித்தைக் கையளிக்கும் பருவம். ஆக, உங்கள் ஆசிரியை சொன்ன 'தானாகத் தொடங்கும் துணிவு' அன்று இரவு 11.50க்குப் பின் பிறந்த குழந்தைகளுக்கு உரியது. தம்முடைய முறையின் கணக்கையே அவர் சரிவரப் பார்க்கவில்லை என்று வருத்தத்தோடுதான் சொல்கிறேன். வேடிக்கை என்னவென்றால், சரியாகப் பார்த்திருந்தால் ருத்யாரும் உங்கள் மாமனாரும் ஏறக்குறைய ஒரே இடத்தில், முடிவின் பக்கத்தில், நின்றிருப்பார்கள்.

மாமனார் சொல்லும் சாந்திக்கு நூல் ஆதாரம் உண்டு. பராசரர் பெயரில் வழங்கும் நூல் அமாவாசைப் பிறப்புக்குச் சாந்தி கூறுகிறது. அதன் அடிப்படை பட்சபலம்: சூரியனிடமிருந்து விலக விலகச் சந்திரனுக்கு வலிமை கூடி, பௌர்ணமியில் முழுமையடைந்து, அமாவாசையில் ஒன்றுமில்லாமல் போகிறது. சந்திரன் மனத்துக்கும் தாய்க்கும் காரகன், அதாவது அவற்றைக் குறிப்பவன், என்பதால் அவன் ஒளியிழந்த நாளில் பிறந்த குழந்தைக்கு ஒரு காப்புத் தேடினார்கள். ஆனால் எந்த நல்ல ஜோதிடரும் பட்சபலத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. அன்று மீனத்தில் சூரியன், சந்திரன், ராகு மூவரோடு சுக்கிரனும் இருந்தான். மீனம் சுக்கிரனுக்கு உச்ச வீடு, குருவுக்குச் சொந்த வீடு. நால்வர் ஒரே வீட்டில் கூடியிருக்க, அந்தக் கூட்டத்தைப் படிப்பதற்கே ஒரு ஜோதிடருக்கு அரை நாள் வேண்டும். பெரியவர் மனம் நிறைய வேண்டும் என்றால் சாந்தியைச் செய்துவிடுங்கள். அச்சத்தினால் செய்ய வேண்டியதில்லை.

மாதந்தோறும் வரும் அமாவாசை, பௌர்ணமிகளைக் கோசாரத்தில், அதாவது கிரகங்களின் நடப்பு நகர்வில், எப்படிப் பார்ப்பது என்பதற்கு நீண்ட விடை தேவையில்லை. ஓராண்டில் பன்னிரண்டோ பதின்மூன்றோ சேர்க்கைகள் உலகம் முழுமைக்கும் பொதுவாக நிகழ்கின்றன. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் எழுதிய தாலமி, நாடுகளுக்கும் வானிலைக்கும் பலன் காண்பதற்கே அவற்றைப் பெரிதும் பயன்படுத்தினார். ராசிக்கு நான்கு வரி வீதம் எல்லோருக்கும் பலன் பகிர்ந்தளிப்பது பின்னால் வந்த வழக்கம். மேற்கத்திய முறையில் தேர்ந்தவர்கள், ஒரு சேர்க்கை பிறப்பு ஜாதகத்தில் ஒரு கிரகத்தின் மேலோ லக்னத்தின் மேலோ இரண்டு மூன்று பாகைக்குள் விழுந்தாலன்றி அதைப் பொருட்படுத்துவதில்லை. 235 சந்திர மாதங்கள் 19 ஆண்டுகளுக்கு ஏறக்குறைய சமம் என்பதால், உங்கள் மகளின் 19ஆம் வயதிலும் 38ஆம் வயதிலும் பிறந்தநாளை ஒட்டி இதே பாகையருகே அமாவாசை மீண்டும் வரும். பௌர்ணமியைப் பொறுத்தவரை நம் மரபு பலனைவிட நட்சத்திரத்தையே பெரிதாகக் கொண்டது. சித்திரையில் சித்திரை, வைகாசியில் விசாகம், தையில் பூசம், மாசியில் மகம், பங்குனியில் உத்திரம் என்று நிலவு நிறையும் விண்மீனே விழாவாகவும் மாதப் பெயராகவும் ஆகிவிட்டது.

இனி சிறுகோள்கள். 1801 ஜனவரி 1 அன்று சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாட்சி என்பவர் சீரிஸைக் கண்டார். அடுத்த ஆறு ஆண்டுகளில் பல்லஸ், ஜூனோ, வெஸ்டா ஆகியவை வந்தன. இவை நான்கும் ஏறத்தாழ 40 ஆண்டுகள் கோள்களாகவே பாடநூல்களில் எண்ணப்பட்டன. 1845க்குப் பின் புதியவை வரிசையாகக் கிடைக்கத் தொடங்கியதும் கோள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஜோதிடர்கள் பெரும்பாலும் இவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. 1973இல் அமெரிக்காவில் எலினார் பாக் என்பவர் இந்த நான்கின் நிலைகளையும் நாள்வாரியாக அச்சிட்ட பிறகே இவை ஜாதகங்களில் ஏறின. கைரான் 1977 நவம்பர் 1 அன்று சார்லஸ் கோவல் கண்டது. சனிக்கும் யுரேனஸுக்கும் இடையே பெரும்பாலும் உலவி, சுமார் 50 ஆண்டுகளில் சூரியனைச் சுற்றுவது.

இவற்றுக்குப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. செவ்வாய்க்குச் சிவப்பு நிறம் இருக்கிறது, சனிக்கு மந்த நடை இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெறுங்கண்ணால் பார்த்தவர்கள் அந்த நிறத்திலும் நடையிலும் பொருளை ஏற்றினார்கள். ஜூனோவை வெறுங்கண்ணால் யாரும் பார்த்ததில்லை. அதன் குறுக்களவு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். நீங்கள் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பும் தூரத்துக்குச் சற்றுக் குறைவு. ஜூபிடரின் மனைவி பெயரை அதற்கு வைத்தார்கள், அதனால் அது திருமணத்தைக் குறிக்கும் என்றாயிற்று. கைரான் கிரேக்கப் புராணத்தில் ஆறாத புண்ணோடு பிறரைக் குணப்படுத்தியவன், அதனால் அது காயத்தைக் குறிக்கும் என்றாயிற்று. பொருள் முழுவதும் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பெயரோ, கோளைக் கண்டுபிடித்தவர்களின் புராணப் படிப்பிலிருந்து வந்தது.

உங்கள் சாஃபோவின் கதை இதற்கு மிகப் பொருத்தமான சான்று. அது 1864 மே 2 அன்று கண்டறியப்பட்டது ஏதென்சிலோ ரோமிலோ அன்று. நம் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில், நார்மன் போக்சன் என்ற அரசு வானியலாளரால். அதற்கு மூன்றாண்டு முன்பு இதே இடத்தில் அவர் கண்ட மற்றொரு சிறுகோளுக்கு, ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால், ஆசியா என்றே பெயர். 1864இல் கிடைத்ததற்குக் கிரேக்கப் பெண்பாற் கவிஞர் சாஃபோவின் பெயர் அமைந்தது. கவிதையையும் காதலையும் அது குறிக்கும் என்று இன்று வகுப்பெடுக்கிறார்கள். அந்த நாளில் நுங்கம்பாக்கத்தில் யாருக்கேனும் ஔவையார் நினைவுக்கு வந்திருந்தால், அதே கல், அதே பாதை, உங்கள் ஏழாம் வீட்டில் அதே பாகை, ஆனால் பலன் நல்வழியும் அறமுமாக மாறியிருக்கும். 1988இல் ஜவ்வாது மலைக் காவலூரில் கண்டறியப்பட்ட ஒரு சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜனின் பெயர். அதுவும் உங்கள் கட்டத்தில் ஏதோ ஒரு வீட்டில் இருக்கத்தான் செய்கிறது. கணக்குப் போட வராத வாசகர்கள் அதன்மேல் பழிபோடலாம்.

எண்ணிக்கையையும் பாருங்கள். இதுவரை அறியப்பட்ட சிறுகோள்கள் பத்து லட்சத்துக்கும் மேல். பெயர் சூட்டப்பட்டவை மட்டும் இருபதாயிரத்துக்கும் மேல். இருபதாயிரத்தை 360 பாகைக்குப் பகிர்ந்தால் பாகைக்கு 55 வரும். யாருடைய சந்திரன் எந்தப் பாகையில் நின்றாலும், அதற்கு இருபுறமும் ஒரு பாகைக்குள் நூறு பெயர்கள் காத்திருக்கின்றன. வேண்டிய கதையை எடுத்துக்கொள்ளலாம்.

நம் கட்டத்தில் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். புதிய புள்ளிகளே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மாந்தி ஓர் உடலற்ற கணிதப் புள்ளிதான். அதை நாம் குறிக்கிறோம். ஆனால் மாந்திக்கு அதன் கணக்கும் விதிகளும் மரபுக்குள்ளேயே உண்டு. பன்னிரண்டு வீடுகளும் ஏழு கிரகங்களுக்குப் பகிரப்பட்டுவிட்டன. கிரகங்கள் எப்போது பலன் தரும் என்று வகுக்கும் விம்சோத்தரி தசையின் 120 ஆண்டுகளும் ஒன்பது கிரகங்களுக்குத் தீர்ந்துவிட்டன. ஜூனோவுக்கு வீடு இல்லை, உச்சம் இல்லை, தசை இல்லை. எப்போது பலன் தரும் என்று சொல்லும் வழியே இல்லாத ஒன்றைக் கட்டத்தில் எழுதிவைத்து நீங்கள் என்ன செய்வீர்கள்?

கைரான் அன்று அந்தச் சேர்க்கையின் பாகையிலேயே நின்றது உண்மை. மேற்கத்திய ஜோதிடர்கள் அதைப் பற்றி நிறையப் பேசினார்கள். ஆனால் கைரான் ஒரு நாளில் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குகூட நகர்வதில்லை; சந்திரனோ 27 நாளுக்கு ஒருமுறை அதைக் கடந்து போகிறது. ஒவ்வொரு கடப்பின்போதும் உலகெங்கும் லட்சக்கணக்கான குழந்தைகள் பிறக்கிறார்கள். அவர்கள் அத்தனை பேரின் தாய்மாரும் குற்றவாளிகள் என்று ஒரு வகுப்பறையிலிருந்து தீர்ப்பளிப்பதை, பொறுப்பற்ற பேச்சு என்பதைத் தவிர வேறு சொல்லால் குறிக்க எனக்குத் தெரியவில்லை. பச்சைக் குழந்தையின் தாயிடம் அதைச் சொன்னது இன்னும் கூடாதது.

கடைசியாகத் தையற்கடை. பாட்டிமையில் தொடங்கக் கூடாது என்பது தமிழ் வழக்கு. 'நிறைந்த அமாவாசை' என்று அமாவாசையில் தொழில் தொடங்குவதும் தமிழ் வழக்கு. வடக்கே போனால் அமாவாசையைத் தவிர்ப்பார்கள். உங்கள் மகள் பிறந்த மறுநாள், 2024 ஏப்ரல் 9, அந்தப் பாட்டிமையைத்தான் ஆந்திரமும் தெலங்கானாவும் உகாதிப் புத்தாண்டாகக் கொண்டாடின. வானம் ஒன்றுதான், வழக்கம் மாறுகிறது. நீங்கள் வாழும் வீட்டின் வழக்கத்தை முழுமையாகப் பின்பற்றுவதே எளிது. திதி முடியும் நேரம், பழைய வாய்பாடுகளைத் தழுவிய வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மாதங்களில் மணிக்கணக்கில் வேறுபடும். சென்னையில் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை அச்சிட்டு அதற்காக வாதாடியவர்களுள் ஒருவர், சாஃபோவைக் கண்ட அதே போக்சனின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பதை மாமனாரிடம் சொன்னால் அவர் மகிழலாம், அல்லது வாக்கியக்காரராக இருந்தால் சண்டைக்கு வரலாம். எந்தப் பஞ்சாங்கம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டிலும் அமாவாசை நிற்கும் ஒரு காலை நேரமாகப் பார்த்து முதல் துணியை வெட்டுங்கள்.

அன்புடன்.