தூய நிலக்கரி: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை, கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து சோடா ஆஷ் (சலவைச் சோடா) தயாரிக்கிறது. அனல்மின் நிலையங்களிலும் இதையே செய்துவிட்டால் நிலக்கரியை ஏன் எதிர்க்க வேண்டும்?

வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

2016-ல் பேசப்பட்ட அந்த முயற்சி நல்ல முயற்சிதான். ஆனால் அது பிடிப்பதாகச் சொன்ன அளவு ஆண்டுக்கு 60,000 டன். உங்கள் ஊரிலேயே 1,000 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிறது. அந்த அளவுள்ள நிலையம் முக்கால்வாசித் திறனில் ஓடினாலே ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் டன் வெளியே வரும். நூறில் ஒன்று! அந்த சோடா ஆஷைக் கண்ணாடி ஆலையில் உருக்கும்போது, பிடித்த வாயுவும் திரும்பக் காற்றுக்கே போய்விடும்.

பிடிப்பதும் லேசில்லை. புகையை அமீன் என்ற ரசாயனத்தின் கரைசலுக்குள் செலுத்தினால் கரியமில வாயு அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைப் பிரிக்க, கரைசலைச் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். அதற்கான நீராவி எங்கிருந்து வரும்? டர்பைனைச் சுற்ற வேண்டிய நீராவியில்தான் கைவைக்க வேண்டும். கனடாவின் பவுண்டரி டேம் நிலையம் 2014 முதல் இதைச் செய்கிறது. பிடித்த வாயுவில் பெரும்பகுதி பூமிக்குள் போனது, மேலும் எண்ணெய் எடுப்பதற்காக. அமெரிக்காவின் கெம்பர் நிலையத்தில், கரியமில வாயுவைப் பிடிக்க வசதியாக நிலக்கரியை வாயுவாக்கி எரிக்க முயன்று, 700 கோடி டாலருக்கு மேல் கொட்டி, 2017-ல் கைவிட்டார்கள்.

என் ஆதங்கம் வேறு. கைக்கெட்டிய சுத்தத்தையே நாம் செய்யவில்லை. சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையில் தெளித்தால் கந்தக டை ஆக்சைடு ஜிப்சமாகிவிடும். பல நாடுகளில் பல பத்தாண்டுகளாக நடப்பதுதான். இங்கே 2015 டிசம்பரில் விதி போட்டார்கள், இரண்டு வருடம் கெடு. கெடு நீண்டுகொண்டே போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவாம். சரி, குறைவுதான். எரிக்கும் அளவு குறைவா? அந்த வாயு காற்றில் நுண்துகளாக மாறி, பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குழந்தையின் நுரையீரலுக்கும் போகிறது. இந்த விலக்கு தவறு என்றே நினைக்கிறேன்.

தூத்துக்குடி, தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில், அதாவது காற்று மாசைக் குறைக்க வேண்டிய நகரங்களின் பட்டியலில், உள்ள நகரம். அத்தகைய நகரங்களை ஒட்டிய நிலையங்களுக்குக் கந்தக நீக்கி வேண்டுமா என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊர் நிலையங்களுக்கு என்ன முடிவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.