‘நல்லா அழுதுட்டேன், சரியாயிடுமா?’ – உடல்வழிச் சிகிச்சை: கேள்வி-பதில்

மனக்காயத்தை உடம்பில் தோன்றும் உணர்வுகள் வழியாக ஆற்றுவதுதான் உடல்வழிச் சிகிச்சை. அதைப் பற்றிக் கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. வயது, சாப்பிடும் மாத்திரை, தொந்தரவு எப்போது தொடங்கியது என்ற மூன்றையும் எழுதுங்கள் என்று எத்தனை முறை கேட்டாலும் பாதிப் பேர் எழுதுவதில்லை. அவர்களுக்குப் பொதுப் பதில்தான்.

நெஞ்சை யாரோ அமுக்குவதுபோல இருக்கிறது. பழைய மனக்காயம்தான். ஒரு பயிற்சி சொல்லுங்கள். (வேலூர்)

மனக்காயம்தான் என்று யார் சொன்னது? முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின் பாருங்கள். உடம்பில் கோளாறு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு எனக்கு எழுதலாம். வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் எனக்கு எழுதிக்கொண்டு இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

துக்கம் இடுப்பில்தான் தங்குமாமே? ரீல்ஸ் பார்த்து இடுப்பை நீட்டும் பயிற்சி செய்தேன், அழுகை வந்தது. (கோவை)

துக்கத்துக்கு என்று இடுப்பில் தனி இடம் ஒன்றும் கிடையாது. ஆபத்து என்றதும் நரம்பு மண்டலம் தசைகளை இறுக்குகிறது. ஆபத்து போன பிறகும் சிலருக்கு அந்த இறுக்கம் தாடையில், தோளில், வயிற்றில் என்று நின்றுவிடும். தளரும்போது அழுகை வரலாம், வராமலும் போகலாம். இரண்டுமே சகஜம்.

சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங், இ.எம்.டி.ஆர். – எது நல்லது? (பெங்களூரு)

ஆதாரம் என்று பார்த்தால் இ.எம்.டி.ஆர். முன்னால் நிற்கிறது. நடந்ததை நினைத்தபடியே கண்ணை இடம் வலமாக அசைக்கச் சொல்லும் முறை இது; ஃபிரான்சின் ஷப்பீரோ 1980-களின் கடைசியில் உருவாக்கியது. பி.டி.எஸ்.டி.க்கு (பயங்கரச் சம்பவத்துக்குப் பிறகு நீடிக்கும் மனநோய்) உலக சுகாதார நிறுவனம் 2013-ல் ட்ராமாவுக்கான, அதாவது மனக்காயத்துக்கான சி.பி.டி.யோடு (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) இதையும் பரிந்துரைத்தது. உடம்பில் தோன்றும் உணர்வைக் கவனிக்கவைக்கும் பீட்டர் லெவினின் சொமாட்டிக் முறைக்கு ஆய்வுகள் குறைவு. 2017-ல் இஸ்ரேலில் 60 சொச்சம் பேருக்கு 15 அமர்வுகள் நடத்திப் பார்த்ததில் நல்ல பலன் தெரிந்தது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் நடந்ததைச் சொல்ல வாயே வராதவர்களுக்கு அது தோதுப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

மலையோர ரிசார்ட்டில் இரண்டு நாள் ‘ட்ராமா ரிலீஸ்’ முகாம் போனேன். வேகமாக மூச்சு வாங்கச் சொல்லி, கத்திக் கதறச் சொன்னார்கள். கை மரத்து, விரல் மடங்கிவிட்டது. ஆற்றல் வெளியேறுகிறது என்றார்கள். வந்ததிலிருந்து தூக்கமில்லை. இரண்டாம் நிலை முகாமுக்குப் போனால் சரியாகுமா? (34 வயது, சென்னை)

போகாதீர்கள். இந்த மாதம் இது மாதிரி வந்த மூன்றாவது கடிதம்.

விரல் மடங்கியதில் ஆற்றலும் இல்லை, அற்புதமும் இல்லை. வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும்; கை மரக்கும், தலை கிறுகிறுக்கும், விரல் மடங்கும். வலிப்பு, இதய நோய், பைபோலார் மனநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைச் செய்யவே கூடாது. வாசலில் யாராவது உங்களிடம் இதைக் கேட்டார்களா? ஜிபே நம்பரைக் கேட்டிருப்பார்கள்.

மனம் குக்கர் இல்லை, விசிலைத் தூக்கினால் ஆவி போய்விடுவதற்கு. ஓலமிட வைத்தால் காயம் ஆறும் என்று எண்ணி, உடம்பை மறுபடி அந்தச் சம்பவத்துக்குள்ளேயே தள்ளுகிறார்கள். முறையான சிகிச்சை இதற்கு நேர் எதிர். லாரி விபத்தில் தப்பிய ஒருவர் என்றால், கால் தரையில் பதிந்திருப்பதைக் கவனிப்பதில் தொடங்குவோம். ஹாரன் சத்தத்தை நினைத்ததும் தோள் இறுகுகிறதா? சில நொடி அதைக் கவனித்துவிட்டு, மறுபடி காலுக்கே வந்துவிடுவோம். ஐம்பது நிமிடத்தில் இப்படி நாலைந்து தரம், அவ்வளவுதான். வேடிக்கை பார்ப்பவருக்குக் கொட்டாவி வரும். வரட்டும். கொஞ்சம் கொஞ்சமாக, நினைத்த நேரத்தில் நிறுத்துகிற மாதிரி: இந்த இரண்டும் இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பேரிடர் முடிந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து ஒரே அமர்வில் கொட்டித் தீர்க்க வைப்பது பின்னால் வரும் பி.டி.எஸ்.டி.யைத் தடுப்பதில்லை என்று 20 வருடத்துக்கு முன்பே ஆய்வுகள் சொல்லியாயிற்று. இவர்கள் அதையே டிரம் அடித்து விற்கிறார்கள். லெவினின் பயிற்சியை முடிக்கவே ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். வார இறுதிச் சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

உங்களுக்கு இப்போதைக்கு: மூச்சுப் பயிற்சி எதுவும் வேண்டாம். படபடப்பு வந்தால் கண்ணைத் திறந்து அறையில் உள்ள ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணுங்கள். இன்னும் ஒரு வாரம் தூக்கம் வராவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

உடல்வழிச் சிகிச்சை தொடங்கிவிட்டேன், மாத்திரையை நிறுத்தலாமா? (சேலம்)

எழுதிக்கொடுத்தவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. போன தடவையும் சொன்னேன்.

தெரபிஸ்ட் முதுகில் கை வைக்கிறார். சங்கடமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம்)

தொடாமலேயே பெரும்பாலான வேலை நடக்கும். தொடுவதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும், ‘வேண்டாம்’ என்றால் காரணம் கேட்கக் கூடாது. இவர் கேட்கவில்லை. ஆளை மாற்றுங்கள்.

அம்மா போய் இரண்டு வருடம். எனக்கு அழுகையே வரவில்லை. கல் நெஞ்சு என்கிறார்கள். (52 வயது, தஞ்சாவூர்)

கல் நெஞ்சு இல்லை அம்மா. அன்றைக்குப் பந்தல், ஐஸ் பெட்டி, வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் நீங்களே பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அழ உங்களுக்கு நேரம் ஏது? தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தவர்களுக்கு அந்த அணைப்பாவது கிடைத்தது. அழுகையைத் தேடிப் போகாதீர்கள். அம்மா புடவை ஒன்றை மடியில் வைத்து ஐந்து நிமிடம் உட்காருங்கள். தொண்டை அடைத்தால் அதைக் கவனியுங்கள், போதுமென்றால் மடித்து வைத்துவிடுங்கள். சாப்பாடோ தூக்கமோ குறைந்திருந்தால் எழுதுங்கள்; அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

யோகா வகுப்பில் சவாசனத்தில் கண்ணை மூடினாலே பயம் வருகிறது. யோகா நல்லதுதானே? (மதுரை)

நல்லதுதான். நாள்பட்ட பி.டி.எஸ்.டி. உள்ள 60 சொச்சம் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து வாரம் யோகா கொடுத்த அமெரிக்க ஆய்வு (2014) ஒன்றில், முடிவில் யோகா செய்தவர்களில் சுமார் பாதிப் பேர் அந்த நோய்க்கான அளவுகோலுக்குக் கீழே வந்துவிட்டார்கள். ஆனால் அது ட்ராமாவுக்கென்றே மாற்றிய யோகா, எதையும் வற்புறுத்துவதில்லை. நீங்கள் கண்ணைத் திறந்தே வைத்திருங்கள், சுவரோரமாக, கதவு தெரிகிற மாதிரி படுங்கள். ஆசிரியர் விடவில்லையென்றால் அந்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.